குறிப்பெடுத்தவர்: சி. பி. ராமானுஜம்

1959ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஒரு கணித நூலின் முகப்பில் இரண்டு பெயர்கள் இடம்பெற்றுள்ளன. ஒன்று, ஒரு மாறியின் இயற்கணிதச் சார்புகள் குறித்து அங்கே விரிவுரையாற்றிய ஜெர்மானியக் கணிதவியலாளர் மாக்ஸ் டாய்ரிங்கின் பெயர். மற்றொன்று, அவ்வுரைகளுக்குக் குறிப்பெடுத்த சி. பி. ராமானுஜத்தின் பெயர். சென்னையில் பிறந்து, லயோலா கல்லூரியில் பயின்று, 1957இல் ஆய்வு மாணவராகப் பம்பாய் சென்றவர் இவர். நூல் வெளிவந்த ஆண்டில் அவருக்கு வயது 21. (சீனிவாச ராமானுஜனோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.)

மாணவர் எடுத்த குறிப்பு அவர் பெயருடனேயே அச்சேறியது அக்காலத்து இந்திய வகுப்பறை வழக்கத்துக்கு முற்றிலும் புறம்பானது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. தேர்வே தலையாயதாகிவிட்ட இடத்தில் 'நோட்ஸ்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் பிறந்தது. ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். மாணவர் பிசகாமல் எழுதிக்கொள்வார். எழுதியது தேர்வுத்தாளுக்குத் திரும்பிச் செல்லும். இதனைக் குறிப்பெடுத்தல் என்பதைவிடப் படியெடுத்தல் என்பதே பொருந்தும்.

டாட்டா நிறுவனத்தின் கணிதப் பள்ளியை 1949 முதல் உருவாக்கிய கே. சந்திரசேகரன் வேறொரு முறையைக் கைக்கொண்டார். உலகின் முன்னணிக் கணிதவியலாளர்களை அழைத்துச் சில வாரங்கள் தொடர்ந்து விரிவுரையாற்றச் செய்வது. உள்ளூர் ஆய்வாளர் ஒருவரிடம் அவ்வுரைகளை எழுத்தாக்கும் பொறுப்பை ஒப்படைப்பது. 1955இல் லோரான் ஷ்வார்ட்ஸ் ஆற்றிய உரைகளை எழுதியவர் எம். எஸ். நரசிம்மன், 1958இல் மால்கிராஞ்சின் உரைகளை எழுதியவர் ராகவன் நரசிம்மன். கார்ல் லுட்விக் சீகல் இருபடி வடிவங்கள் குறித்துப் பேசியபோது, அப்பொழுதே அறியப்பட்ட ஆய்வாளராக இருந்த கே. ஜி. ராமநாதனே குறிப்பெடுக்க அமர்ந்தார். இது இளையோருக்குரிய சில்லறை வேலையாக அங்கே கருதப்படவில்லை.

இந்தப் பொறுப்பு எதனைக் கோரியது என்பதே இங்கு முதன்மையான செய்தி. விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு தேற்றத்தைக் கூறி, "இது எளிதில் விளங்கும்" என்று கடந்துவிடலாம். கேட்பவர் தலையசைக்கலாம். குறிப்பெடுப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. மறுநாள் தாளின்முன் அமர்கையில், நேற்று விளங்கியதாகத் தோன்றியது உண்மையில் விளங்கிற்றா என்பது முதல் மூன்று வரிகளிலேயே தெரிந்துவிடும். விடுபட்ட படியை அவரே நிறுவ வேண்டும். முடியாவிட்டால் விரிவுரையாளரிடமே சென்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் வினா, வகுப்பில் கை உயர்த்திக் கேட்கும் வினாவைவிடப் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். பாடத்திட்டமோ தேர்வோ தராத பயிற்சி இது.

இதன் உச்சத்தை 1966இல் வெளிவந்த மற்றொரு நூலில் காணலாம். சோவியத் கணிதவியலாளர் இகோர் ஷஃபரேவிச் இயற்கணித வடிவியல் குறித்துப் பம்பாயில் ஆற்றிய உரைகளையும் ராமானுஜமே எழுதினார். அதனைப் படித்த ஷஃபரேவிச் நன்றி தெரிவித்து மடல் எழுதினார். தம் பிழைகள் சிலவற்றைக் குறிப்பெடுத்தவர் திருத்தியிருப்பதையும், உரையில் வெறுமனே கூறிச் சென்ற பல முடிவுகளுக்கு நிறுவல்களைச் சேர்த்திருப்பதையும் அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பேசியவரைவிட எழுதியவர் கூடுதலாகச் செய்திருந்தார். பேசியவரே அதற்குச் சான்றளித்தார். அடுத்து டேவிட் மம்ஃபோர்டு பம்பாயில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான 'ஆபீலியன் வெரைட்டீஸ்' நூலில் டேட்டின் தேற்றம் பற்றிய பின்னிணைப்பு ராமானுஜத்தின் பெயரிலேயே உள்ளது. குறிப்பெடுத்தவர் அங்கு நூலின் ஒரு பகுதிக்கு ஆசிரியராகவே ஆகிவிட்டார்.

ராமானுஜம் நெடுநாள் மனநோயால் துன்புற்று, 1974இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரில் வெளியான ஆய்வுக் கட்டுரைகள் மிகச் சிலவே. கட்டுரைகளை எண்ணி ஆய்வாளரை மதிப்பிடும் இன்றைய படிவங்களில், பிறர் உரைக்கு எழுதிய குறிப்புக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அப்படிவத்தை நிரப்ப நேர்ந்திருந்தால் டாய்ரிங்குக்கும் ஷஃபரேவிச்சுக்கும் அவர் செலவிட்ட மாதங்கள் வீண் என்றே பதிவாகியிருக்கும். ஆனால் எண் கோட்பாட்டிலிருந்து இயற்கணித வடிவியலுக்கு அவர் கடந்து சென்ற பாதையில் அக்குறிப்புகளும் இருக்கின்றன. அந்தப் பாதையின் முடிவிலேயே 1972இன் மறைவுத் தேற்றம் வருகிறது. கொடைராவின் பெயரோடு இணைத்து அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.