ஐந்து ஷில்லிங்கும் ஆறு பென்னியும்: சென்னை மாநகராட்சி பிறந்த கதை

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் தேடிச் செல்வன கோட்டைகளும் கோயில்களுமே. அந்நகரத்தின் தெருக்களைத் துப்புரவு செய்தவர் யார், அவருக்கான கூலியை எவரிடமிருந்து எவர் வாங்கிக் கொடுத்தார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் ஆள்வோருக்கும் வாழ்வோருக்கும் இடையே இருந்த உறவை, போர்களைவிடவும் பட்டாபிஷேகங்களைவிடவும் தெளிவாகக் காட்டுபவை இவ்வினாக்களே எனலாம்.

சென்னை மாநகராட்சியை நிறுவிய சாசனம் 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாளிட்டது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் பெருமை கொள்கிறோம், அப்பெருமையில் பிழையில்லை. எனினும், அக்கரையிலிருந்த ஒரு வணிகக் கும்பினி, தான் வாங்கிய ஒரு கடற்கரைப் பட்டினத்து மக்களுக்குத் தன்னாட்சி வழங்க முன்வந்தது ஏன்? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இவ்வினாவையே.

சுவரும் வரியும்

ஜார்ஜ் கோட்டைக்கு வடபால், இன்று உயர்நீதிமன்ற வளாகம் அமைந்துள்ள பகுதியில், அந்நாளில் இந்நாட்டு மக்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பு இருந்தது. ஆங்கிலேயர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். 1678இல் ஆளுநர் ஸ்டிரேன்ஷாம் மாஸ்டர் தெருத் துப்புரவுக்கென வீட்டு வரி ஒன்றைக் கொணர்ந்தபோதே முணுமுணுப்பு எழுந்தது. அடுத்து, ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு காலத்தில், கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பும் செலவை அங்குள்ள குடிகளே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

1686 ஜனவரியில் ஊர் எதிர்த்து நின்றது. சாதித் தலைவர்கள் கூடி முறையீடு எழுதினர். கடைகள் அடைக்கப்பட்டன, வேலைகள் நின்றன. கும்பினி அதிகாரிகள் படையைத் திரட்டினர். பணியாதோரின் வீடுகள் இடிக்கப்படும், குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்படும் என்று அச்சுறுத்தினர். ஊர் பணிந்தது. ஆனால் பணிந்த ஊரிலிருந்து வரி பெறுவது வேறு, மனமொப்பிய ஊரிலிருந்து வரி பெறுவது வேறு என்பதை இலண்டனில் ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இலண்டனில் போடப்பட்ட கணக்கு

அவர் சர் ஜோசையா சைல்டு. கும்பினியின் தலைமையைத் தம் கைக்குள் வைத்திருந்தவர். 1687இல் இலண்டனிலிருந்து சென்னைக்கு வந்த கடிதம் ஒன்று அவரது எண்ணத்தை ஒளிவு மறைவின்றிக் காட்டுகிறது. சாதித் தலைவர்களை நகரசபை உறுப்பினராக்கி, ஆண்டுதோறும் தமக்குள் ஒரு மேயரைத் தெரிந்தெடுக்கும் உரிமையையும் ஊரார் மீது வரி விதிக்கும் உரிமையையும் அவர்களுக்கு அளித்துவிட்டால், நம் கொடுங்கோன்மையால் விதிக்கப்படும் ஆறு பென்னியைக் காட்டிலும், தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மக்கள் விருப்பத்தோடு கொடுப்பர் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஐந்து ஷில்லிங் என்பது அறுபது பென்னி. ஆகவே இது பத்து மடங்கு ஆதாயம் தரும் கணக்கு!

அத்தோடு அக்கடிதம் நிற்கவில்லை. மனிதர் யாவரும் சிறிது அதிகாரம் கிடைத்தால் மகிழ்பவரே. ஆகவே அவர்கள் தம் பதவியில் பெருமை கொள்ளட்டும், ஆனால் நமக்குக் கீழ்ப்பட்டே இருக்கட்டும் என்றும் அது அறிவுறுத்தியது. சென்னையின் உள்ளாட்சி வரலாற்றைப் பயில்வோர் இவ்விரு வாக்கியங்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதல் வாக்கியத்தில் மக்களாட்சியின் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. இரண்டாம் வாக்கியம் அவ்வுண்மையைப் பிறந்த அன்றே கட்டிப்போடுகிறது.

சாசனத்தை வழங்குவது மன்னரா, கும்பினியா என்ற கேள்வியும் எழுந்தது. மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் தம் முத்திரையோடு வழங்கலாம் என்று எண்ணினார். மன்னரிடம் நேரடியாக அதிகாரம் பெற்றோர் இந்தியாவில் இருந்தால் அவர்கள் கும்பினியின் ஆளுநரை மதிக்கமாட்டார்கள் என்று கும்பினி வாதிட்டது, அவ்வாதமே வென்றது. சாசனம் கும்பினியின் முத்திரையோடு வெளிவந்தது.

சாசனம் வகுத்த அமைப்பு

கோட்டையும் அதனைச் சார்ந்த, பத்து மைலுக்கு மேற்படாத நிலப்பரப்பும் நகராண்மைக் கழகத்தின் எல்லையாயின. தலைவர் மேயர். அவருக்குக் கீழ் ஆல்டர்மேன் எனப்படும் மூத்த உறுப்பினர் பன்னிருவர். அவர்களுக்கும் கீழ் பர்கெஸ் எனப்படும் நகர உறுப்பினர் அறுபதின்மர் முதல் நூற்றிருபதின்மர் வரை. ஆல்டர்மேன்களுள் ஒருவரை ஆண்டுதோறும் செப்டம்பர் 29இல் மேயராகத் தெரிந்தெடுக்க வேண்டும். பர்கெஸ்களை மேயரும் ஆல்டர்மேன்களும் நியமிப்பர். பொதுமக்கள் எவரும் எவரையும் தெரிந்தெடுக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

முதல் ஆல்டர்மேன்களின் பட்டியல் அந்நாளையச் சென்னையின் முகத்தை அப்படியே காட்டுகிறது. ஆங்கிலேயர் மூவர், பிரெஞ்சு வணிகர் ஒருவர், போர்த்துகீசியர் இருவர், யூத வணிகர் மூவர், இந்நாட்டு வணிகர் மூவர். இந்நாட்டவர் சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை ஆகியோர். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவரும் ஆளுநர் எலிஹு யேலும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பிறந்தவர்கள் என்பது சுவையான செய்தி.

நீதி வழங்கலும் இவ்வமைப்பின் கையில் தரப்பட்டது. மேயரும் ஆல்டர்மேன் இருவரும் அமர்ந்தால் அது மேயர் நீதிமன்றம். சட்ட அறிவு கூறப் பதிவாளராக ஒருவர் இருப்பார்; முதற்பதிவாளர் சர் ஜான் பிக்ஸ். வழக்கின் மதிப்பு மூன்று வராகனுக்கு மேற்பட்டாலோ, குற்றவாளிக்கு உயிரோ உறுப்போ இழக்கும் தண்டனை விதிக்கப்பட்டாலோ, கடல்சார் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அந்நீதிமன்றத்தின் நீதிபதி அதே ஜான் பிக்ஸ்! கீழே அறிவுரை கூறியவரே மேலே தீர்ப்புக் கூறும் நிலை.

பொதுப்பணிகளுள் பெயர் சுட்டிக் கூறப்பட்டவை மூன்று: நகர மன்றம், சிறைச்சாலை, பள்ளிக்கூடம். இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும், கணிதமும் வணிகக் கணக்கும் கற்பிக்கவும் அப்பள்ளி. இவற்றைக் கட்டவும், ஆசிரியர் உள்ளிட்ட பணியாளர்க்கு ஊதியம் தரவும் ஊரார் மீது வரி விதிக்கலாம் என்றது சாசனம். கும்பினிக்குக் கணக்கர்கள் தேவைப்பட்டனர் என்பது வெளிப்படை. எனினும் வரிப்பணத்தில் பொதுப்பள்ளி என்னும் எண்ணம் 1687இல் எழுத்தில் இடம்பெற்றது சிறப்பே.

குடை வந்தது, வரி வரவில்லை

1688 செப்டம்பர் 29இல் கழகம் செயல்படத் தொடங்கியது. மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் செந்நிற அங்கி, பர்கெஸ்களுக்கு வெண்பட்டு, மேயரின் முன்னே ஏந்திச் செல்ல வெள்ளிச் செங்கோல். குடை பிடிக்கச் செய்துகொள்ளும் உரிமையும், இலண்டன் மேயரைப்போல் அணிசெய்த குதிரையில் செல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நம் இலக்கியங்களில் அரசனின் வெண்கொற்றக்குடை வெயில் மறைக்கப் பிடிப்பதன்று. குடிகளுக்குத் தண்ணிழல் தருவதற்கானது. இங்கோ குடை, பிடிக்கப்பட்டவரின் தலைக்கு மட்டுமே நிழல் தந்தது.

வெள்ளிச் செங்கோல் எளிதாய் வந்து சேர்ந்தது. வரி அவ்வாறு வந்து சேரவில்லை. ஆறு மாதங்களில் ஹிக்கின்சன் பதவி விலக, ஜான் லிட்டில்டன் மேயரானார். ஊரார் வரி கொடுக்க முன்வரவில்லை. சாசனம் காட்டிய பள்ளிக்கூடம் ஏட்டளவில் நின்றது. பின்னர்ச் சில சில்லறைத் தீர்வைகளைக் கொண்டே கழகம் காலம் தள்ளியது.

சைல்டின் கணக்கு பொய்த்தது ஏன்? பன்னிரு ஆல்டர்மேன்களுள் இந்நாட்டவர் மூவர் என்பதை ஊர் அறியும். அம்மூவரையும் தாம் அமர்த்தவில்லை என்பதையும் அறியும். மதில் வரிக்காக வீட்டை இடிப்போம் என்று மிரட்டிய கரம் எதுவோ, அதுவே இப்போது அங்கியணிந்து வருகிறது என்பதையும் அறியும். தமக்குத் தாமே விதிப்பதாகத் தோன்றினால் போதும் என்று சைல்டு எண்ணினார். தோற்றத்திற்கு ஐந்து ஷில்லிங் கொடுக்க எவரும் அணியமாயில்லை.

நம் மண்ணில் முன்பிருந்தது

இதனை நாம் வேறொரு கோணத்திலும் காணலாம். சோழர்காலக் கல்வெட்டுகளில் நகரம் என்னும் சொல் ஊரை மட்டும் குறிப்பதன்று. அவ்வூரின் வணிகர் அவையையும் குறிக்கும். பிராமணர் ஊர்களில் சபை இருந்தது. பராந்தக சோழரின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிக்கொரு குழு வகுத்து, குடவோலையால் ஆண்டுதோறும் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விளக்குகின்றன. நிலமும் மனையும் மறையறிவும் உடைய பிராமணருக்கே அதில் இடமிருந்தது. அதனை இன்றைய மக்களாட்சியாகக் கொண்டாடுவது பொருந்தாது.

ஆயினும் இரண்டு செய்திகளில் அக்கல்வெட்டு 1687இன் சாசனத்தை விஞ்சுகிறது. ஒன்று, பணியின் பெயரே குழுவின் பெயராக அமைவது. ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்பதில் ஐயமில்லை. மற்றொன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வர இயலாது என்னும் விதி. சாசனத்தில் அங்கிக்கு நிறம் கூறப்பட்டது. வரி கொடுத்தவரிடம் கணக்குக் காட்டும் கடமையோ பிறக்கவேயில்லை.

சாசனத்துக்குப் பின்

1726இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் வழங்கிய புதிய சாசனம் நிலைமையை மேலும் சுருக்கியது. மேயரோடு ஆல்டர்மேன் ஒன்பதின்மர். மேயரும் எழுவரும் பிறப்பால் ஆங்கிலக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். எஞ்சிய இருவர் நட்பு நாட்டவராகலாம். வேங்கடாத்திரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இருந்த மூன்று இருக்கைகளும் மறைந்தன. கழகம் நகரைப் பேணும் அமைப்பு என்னும் நிலையிலிருந்து வழக்குகளைக் கேட்கும் மன்றமாக ஒடுங்கியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அதுவும் நின்றது. 1753இல் மீண்டும் நிறுவப்பட்டு, 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றத்திற்கு இடம்விட்டு மறைந்தது.

தெருவும் துப்புரவும் யார் பொறுப்பு? 1793ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் அவற்றை அமைதி நீதிபதிகளிடம் ஒப்படைத்து, வீட்டின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு வரை வரி விதிக்க வழிசெய்தது. 1867இல் நகரம் எட்டுப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டு 32 ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். 1878இல் அவர்களுள் பாதிப்பேரை வரி செலுத்துவோரே தெரிந்தெடுக்கலாயிற்று. 1687இல் உரைக்கப்பட்ட சொல் செயலாகத் தொடங்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததும் இக்காலத்தில்தான், அது 1872.

1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மாநகராட்சித் தலைவரானவர் பிட்டி தியாகராய செட்டியார். 1920 செப்டம்பரில் ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. சாசனம் கேட்ட பள்ளி கும்பினிக்குக் கணக்கர்களை ஆக்குவதற்கானது. ஏழைப் பிள்ளைகளின் பசியைக் கண்டு அந்த ஓரணாவை ஒதுக்கியது, வரி கொடுப்போரில் ஒரு பகுதியினரேனும் அமர்த்திய மன்றம். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே உள்ளாட்சியின் வரலாறு.

இன்றும் எழும் வினா

அத்தொலைவை ஒருமுறை கடந்துவிட்டால் மீண்டும் பின்செல்ல நேராது என்று எண்ணுவதற்கில்லை. 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்திற்கு 1996 வரை தேர்தல் நடைபெறவில்லை. 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை. அந்த இடைவெளியில், 2018ஆம் ஆண்டில், சொத்து வரி உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழவே 2019இல் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. வரியைப் பற்றித் தம் வட்டத்து உறுப்பினரிடம் கேட்க முற்பட்டவருக்குக் கேட்பதற்கு ஆளில்லை. 1686இல் கடையடைத்த கறுப்பர் நகரத்து மக்களுக்கு அவர்தம் மனநிலை எளிதில் விளங்கியிருக்கும்.

நகரசபைகளை நாம் குப்பை, சாக்கடை, கொசு என்று எள்ளலோடு பேசிப் பழகிவிட்டோம். அவையே மனிதர் கூடி வாழ்வதன் முதற்கடமைகள். சைல்டு தம் ஆதாயத்திற்காகவே எழுதினார். ஆயினும் அவர் கண்டுரைத்தது மெய். தாமே விதித்துக்கொள்ளும் வரியை மக்கள் மனமுவந்து கொடுப்பர். தாமே என்னும் அச்சொல் மெய்யாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.