உயர்தர சைவம்: ஒரு திரைச்சீலையின் இருபுறமும் சில குறிப்புகள்

1

விமானத்தின் பிசினஸ் வகுப்பில் சாப்பாடு போடும் முறையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். 'ஏம்ப்பா, கந்தகத்துலயும் வெடியுப்புலயும் கெடந்து சாகுறவனப் பத்தி எழுத வேண்டிய ஊர்ல இருந்துக்கிட்டு, இதென்ன ஆராய்ச்சி?' என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தின் நூறு வருஷ அரசியலைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்ற இரண்டு கேள்விகளுக்குள் அது பெருமளவு அடங்கிவிடும். அந்தக் கேள்விகள் ரயிலேறின, பஸ் ஏறின. இப்போது விமானமும் ஏறியிருக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

எனக்கே இது ஒரு தற்செயலில்தான் உறைத்தது. தில்லியில் ஒரு கருத்தரங்கு. சென்னையில் விமானம் ஏறப்போனபோது பின்னால் இடமில்லை என்று என்னை முன்வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் கிளம்பும் முன்பே பழச்சாறு வந்தது. ஆவி பறக்கும் ஈரத்துணி வந்தது. மேலே ஏறியதும் பணிப்பெண் என் முன்னால் இருந்த சிறு பலகையில் வெள்ளைத் துணி விரித்து, அச்சடித்த உணவுப் பட்டியலைக் கையில் தந்து, என் பெயரைச் சொல்லி, 'என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டார். பீங்கான் தட்டு, கண்ணாடிக் குவளை, உலோகக் கரண்டி. அதற்குச் சற்று முன்னால்தான் எனக்குப் பின்னால் ஒரு திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள். திரைக்கு அப்பால் தள்ளுவண்டி உருளும் சத்தமும், 'வெஜ்ஜா, நான்வெஜ்ஜா' என்று வரிசைக்கு வரிசை கேட்டுக்கொண்டே போகும் குரலும் கேட்டன. அங்கே அலுமினியத் தாள் மூடிய டப்பா.

இரண்டு பக்கமும் வந்த சோறு தரையில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, குளிரவைத்து, வண்டியில் ஏற்றி வந்ததுதான். விமானத்தில் சமையல் கிடையாது, சூடாக்குவது மட்டுந்தான். உயரத்தில் காற்றழுத்தமும் ஈரப்பதமும் குறைவதால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும், அது முன்னால் இருப்பவனுக்கும் ஒன்றுதான். ஆக, அங்கே விற்பனையாவது ருசி என்பதைவிட, திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்ற நினைப்புத்தான். ரசனை என்பதே வர்க்கத்தின் அடையாள அட்டை என்று பூர்தியு 1979இல் எழுதினார். நம்மூரில் அந்த அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சாதி எழுதியிருக்கும்.

2

பயணத்தில் சாப்பிடுவது என்பது இந்தியச் சாதியமைப்புக்குப் பெரிய நெருக்கடி. வீட்டில் அடுப்பைக் காப்பாற்றலாம், ஊரில் கிணற்றைக் காப்பாற்றலாம். ரயிலில் என்ன செய்வது? 1870களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை போட்டபோது அது விருதுபட்டி வழியாகத்தான் போனது. (1923இல்தான் ஊர் விருதுநகர் ஆனது.) பருத்தியும் மிளகாயும் ஏறின, சனங்களும் ஏறினார்கள். பெட்டிக்குள் தோளோடு தோள் இடிப்பதைத் தடுக்க முடியவில்லை. ஆகவே தடுப்புச்சுவர் ரயில் நிலையத்தின் உணவறைக்குள் எழுந்தது. வெள்ளைக்காரர்களுக்கு ஐரோப்பிய பாணி உணவறை. இந்தியர்களுக்கான உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரயிலில் ஏற்கெனவே வகுப்புகள் இருந்தன: முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றிக் காந்தி 1917இல் தனிப் பிரசுரமே எழுதினார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வகுப்பு, சாப்பாட்டு அறையின் வாசலில் செல்லாக் காசாகிவிட்டது. அங்கே டிக்கெட்டைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1924-25இல் காங்கிரசையே உலுக்கியது நமக்குத் தெரியும். அந்தப் பந்திச் சண்டையின் தொடர்ச்சிதான் ரயில் நிலைய உணவறைச் சண்டை. பெரியாரும் நீதிக்கட்சியும் விடாமல் எதிர்த்ததன் பின்னால், 1941இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. பலகையை எடுத்தார்கள். பலகை இருந்த இடத்தில் வேறு பலகை வருவதற்கு வெகுநாள் ஆகவில்லை: 'உயர்தர சைவ உணவகம்.' இந்தத் தொடரை நாம் தினமும் வாசிக்கிறோம், யோசிப்பதில்லை. உயர்வும் தரமும் சைவமும் ஒரே மூச்சில் வருகின்றன. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் அளவுகோலைச் சுவரில் மாட்டிவைக்கிற தந்திரம் இது.

3

இந்தத் தடுப்புச்சுவரை விருதுநகர் வட்டாரம் வேறு எந்த வட்டாரத்தையும்விட நன்றாக அறியும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி வழக்குப் போட்டார், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது. ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நூலில் இந்த வரலாறு விரிவாகவே இருக்கிறது. அந்தக் காலத்தில் பூணூல் போட்டுக்கொண்டு, பல்லக்கு ஏறி, மேல்நிலையாக்கத்தின் வழியாகச் சுவரைத் தாண்டப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. எடுபட்டது வேறு வழி. உறவின்முறையும் மகமையும் சேர்த்த பணம், 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு ஒதுக்கி வைத்த பிடியரிசி.

பிறகு சுயமரியாதை இயக்கம். அதன் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் விருதுநகரில்தான் நடந்தது. 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தை ரத்து செய்வதாக உத்தரவு போட்டார். தான் தாண்டிய சுவரைத் தனக்குப் பின்னால் வருபவனுக்கும் இடித்துவிட வேண்டும் என்ற உணர்வு அதில் இருந்தது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அழைத்துப்போன குழுவில் தலித்துகளோடு விருதுநகர் நகராட்சி உறுப்பினர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் இருந்தார். சேர்ந்து நுழைந்தார்கள் என்பதே அதன் பொருள்.

ஆனால் காசின் வழி வேறு மாதிரி வேலை செய்தது. 1922இல் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததும், அதிலிருந்து பட்டாசும் அச்சும் வளர்ந்து சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆனதும் எல்லோரும் சொல்லும் வெற்றிக்கதை. அந்தக் கதைக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: காசு சாதியை அழித்துவிடும், டிக்கெட் வாங்கியவனை யாரும் எழுந்திருக்கச் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அது முற்போக்கான நம்பிக்கைதான். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவன் முதல் வகுப்பில் ஏறி உட்கார்வதில் ஒரு வரலாற்றுக் கணக்குத் தீர்கிறது. அதை இடதுசாரித் தோழர்கள் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. என் கேள்வி, கணக்குத் தீர்ந்ததா என்பதுதான்.

4

விமானத்துக்கு வருவோம். 1953இல் தனியார் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸை அரசு உருவாக்கியது. 1994இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து வானத்தைத் தனியாருக்கு முழுசாகத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போட்டி பெருமளவு சாப்பாட்டுத் தட்டில்தான் நடந்தது. பிறகு 2003இல் ஏர் டெக்கான் வந்தது. கோபிநாத்தின் அந்தக் கதையை 2020இல் 'சூரரைப் போற்று' சோழவந்தானுக்கு மாற்றி, சாமானியன் விமானம் ஏறுவதைச் சமூகநீதியின் வெற்றியாகக் காட்டியது. படத்தைப் பார்த்து நானும் கண் கலங்கியவன்தான். ஆனால் சாமானியனை ஏற்றுவதற்காக விமானத்திலிருந்து இறக்கப்பட்டவற்றில் இலவசச் சோறும் ஒன்று. சாப்பாடு வேணும்னா காசு கொடு. இதிலும் ஒரு சமத்துவம் இருந்தது என்பதை மறுக்க முடியாது: திரைச்சீலை இல்லை, யாருக்கும் பந்தி இல்லை.

பந்தி இருந்த விமானங்களில் நடந்ததுதான் என் விஷயம். அப்போது அரசுடைமையாக இருந்த ஏர் இந்தியா, 2016 ஜனவரி முதல் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரையிலான பயணங்களில், அதாவது மதுரை–சென்னை போன்ற தூரங்களில், சாதாரண வகுப்புக்குச் சைவம் மட்டும் என்றது. 2017 ஜூலையில் உள்நாட்டு விமானங்கள் எல்லாவற்றிலும் சாதாரண வகுப்புக்கு அசைவம் கிடையாது என்று அறிவித்தது. பிசினஸ் வகுப்புக்கு மட்டும் உண்டு. சொன்ன காரணங்கள்: வீணாவது குறையும், செலவு மிச்சமாகும், சைவத் தட்டும் அசைவத் தட்டும் மாறிப்போகிற தவறு நேராது.

இந்த மூன்றாவது காரணத்தில்தான் பிரதி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. தட்டு மாறுவது தவறுதான். ஆனால் எந்தத் திசையில் மாறினால் அது பிரச்சினையாகிறது? அசைவம் கேட்டவனுக்குச் சைவம் போனால் அது சின்ன ஏமாற்றம். சைவக்காரனுக்கு அசைவம் போனால் தீட்டு. ஒருவனின் தீட்டைக் காப்பதற்கு ஒட்டுமொத்தப் பந்தியின் சோறும் மாற்றப்படுகிறது. முன்வகுப்பில் அதே தட்டு மாறும் அபாயம் இல்லையா? இருக்கிறது. அங்கே கவனமாகப் பரிமாறுவார்கள், ஏனென்றால் அதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஆக, ஒரே விமானத்தில் இரண்டு தர்மங்கள். திரைக்கு முன்னால் காசின் தர்மம்: நீ விரும்பியதைத் தின்னலாம். பின்னால் மனுதர்மம், சிக்கனம் என்ற மாற்றுப் பெயரில். 1941க்கு முந்திய ரயில் நிலையத்தில் காசு தோற்றது, சாதி ஜெயித்தது. 2017இல் இரண்டும் சமாதானம் பேசி இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் உள்நாட்டு உணவுப் பட்டியலை மாற்றியபோது பின்வரிசைக்கும் கோழி திரும்பி வந்தது. ஆகவே பிரச்சினை முடிந்தது என்று சொல்லலாமா? 2024 நவம்பரில், அதுவரை ஒரே வகுப்பாகப் பறந்துகொண்டிருந்த இண்டிகோ, தில்லி–மும்பைத் தடத்தில் உயர்வகுப்பைத் தொடங்கியது. அதில் கட்டணத்தோடு சேர்த்துத் தருவதாக அறிவித்தது சைவ உணவுப் பெட்டி. நிர்வாகத்துக்கு ஆயிரம் வணிகக் காரணம் இருக்கலாம், நான் உள்நோக்கம் கற்பிக்கவில்லை. ஆனால் 'உயர்தரம்' என்று யோசித்தவுடன் 'சைவம்' என்று கை தானாகப் போகிறதே, அந்தத் தன்னிச்சைதான் கருத்தியல். அது நம் தெருமுனைப் பலகையில் பயிற்சி பெற்ற கை.

5

எங்கம்மா சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அங்கே ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும் என்று விதி. 'அறைக்குள்ள சோத்த எடுத்துட்டுப் போகக்கூடாது. வேப்பமரத்தடியில தூக்குவாளிய வச்சிட்டு, கைய எத்தன தடவ கழுவுனாலும் அலுமினியப் பவுடர் நகக்கண்ண விட்டுப் போகாது' என்பார். மதியத்தில் மரத்தடியில் எல்லாப் பெண்களும் ஒன்றாகத்தான் உட்கார்வார்கள். ஆனால் குழம்பு கைமாறுவது எல்லாத் தூக்குவாளிக்கும் நடக்காது. யாருடைய குழம்பு யாரிடம் போகும், யாருடையது போகாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான்: மிதிபடுகிற ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே மிதிக்க ஒருவர் கிடைத்துவிடுகிறார். முதலாளியின் சாதி வென்ற கதை, மரத்தடியின் கதையை மாற்றவில்லை.

காமராஜரின் பள்ளிப் பருவத்தைப் பற்றி விருதுநகரில் ஒரு கதை உண்டு. விநாயகர் சதுர்த்திப் பிரசாதத்தை இடித்துப்பிடித்து வாங்காமல் நின்றதால் கொஞ்சம்தான் கிடைத்ததாம். வீட்டில் கேட்டபோது, 'எல்லாரும் ஒரே காசுதானே கொடுத்தோம், எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டியது வாத்தியார் பொறுப்பு' என்கிற மாதிரி பதில் சொன்னாராம். ஒரே காசு, ஒரே பங்கு என்பது அந்தச் சிறுவனின் நியாயம். 1956இல் மாநிலம் முழுக்க மதிய உணவைக் கொண்டுவந்தவர் அதையும் தாண்டிப் போனார்: காசே கொடுக்காதவனுக்கும் அதே பங்கு, அதே பந்தி. திரைச்சீலைக்கு நேர் எதிரான சிந்தனை இந்த மண்ணில் இருந்துதான் வந்தது. அந்தப் பந்தியும் பத்திரமாக இல்லை. 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்த செய்தி வந்தது. கனிமொழி நேரில் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அங்கே டிக்கெட்டும் இல்லை, வகுப்பும் இல்லை. தட்டு எல்லோருக்கும் ஒன்று. பிரச்சினை அடுப்பில் இருந்தது.

ஆகவே வர்க்கமா, சாதியா என்று நமக்கு முந்திய தலைமுறை விவாதித்ததை நாம் இப்படி மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: தட்டைச் சமமாக்குவது ஒரு போராட்டம், அடுப்பைச் சமமாக்குவது இன்னொரு போராட்டம். முதலாவதைக் காசு ஓரளவு செய்யும், அரசும் செய்யும். இரண்டாவதைச் செய்ய இயக்கம் வேண்டும். 1920களில் அது இருந்தது. இப்போது எங்கே இருக்கிறது?

அந்தத் தில்லிப் பயணத்தில் நான் மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. இறங்கும் நேரம் நெருங்கியதும் பணிப்பெண் வந்து திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டினார். புறப்படும்போதும் இறங்கும்போதும் அது திறந்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதியாம். விபத்து நேர்ந்தால் தப்பிக்கிற வழியில் எதுவும் மறைக்கக் கூடாது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் முப்பது வரிசை முகங்கள் தெரிந்தன. ஒரு கைப்பிள்ளைக்காரி அலுமினியத் தாளை மடித்து டப்பாவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். ஆபத்து வரும் என்று தோன்றுகிற நேரத்தில் மட்டும் நமக்கு நடுவே திரை வேண்டாம் என்று எழுதிவைத்தவர்களுக்கு, நடுவானத்தில் மட்டும் அது எதற்காக வேண்டியிருக்கிறது?