மளிகைப் பட்டியலும் நாள் கூலியும்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் தேயிலை விளையும், கோஸ் விளையும், முள்ளங்கி விளையும். தமிழர் அடுப்புக்கு முதலில் வேண்டியவைதாம் விளைவதில்லை. ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. சரிவுகளில் நெல்வயலுக்கும் இடமில்லை. அரிசி, தேங்காய், கருவாடு, புளி, மிளகாய் எல்லாமே அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறிவர வேண்டும். வழியிலுள்ள ரிங்லெட் வரைக்குமே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வளைவுச் சாலை. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபோது அந்தச் சாலை முழுதாக முடிந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட மலையில் குடும்பங்கள் எப்படிச் செலவைச் சமாளித்தன என்று கேட்டால், லயத்துப் பெண்களின் சிக்கனத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். புகழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. மலாயாத் தோட்டங்களில் மளிகைச் செலவு ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் சமையலறைக்கு வெளியே தீர்மானமானது.

ஆதாரம் கூலிக் கணக்கிலேயே இருக்கிறது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு ஒரு நிலையான கூலி வகுக்கப்பட்டது. அதை வகுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு அரிசி, உப்பு, பருப்பு, எண்ணெய், மசாலைச் சாமான் என்று பட்டியலிட்டு, விலை போட்டு, அதன்மேல் கூலியை நிறுத்தினார்கள். 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சாமான் விலை கூடுதலான பகாங் உட்பகுதிக்கு 58, 46. பெண்ணுக்குப் பசி குறைவு என்பது அந்தக் கணக்கின் நம்பிக்கை போலும்! இந்த முறையில் ஒரு பொறி இருந்தது. சாமான் மலிந்தால் லாபம் குடும்பத்துக்குப் போகாது, கூலி இறங்கும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து கூலி வெட்டப்பட்டபோது, அரிசி மலிந்துவிட்டது என்பதும் ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. அடுப்படியில் மிச்சம் பிடித்தது செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் கரைந்தது. இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து விசாரித்து 1937இல் அறிக்கை தந்த பிறகே 50, 40 என்ற பழைய விகிதம் திரும்பியது. மறு ஆண்டே மீண்டும் வெட்டு என்ற பேச்சு எழ, இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்தியது.

அடுத்தது கடை. சம்பள நாள்வரை பற்று, சம்பள நாளில் கழிவு; கணக்கெல்லாம் ‘555’ என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. லாரி வாடகை, வராக்கடன், ஆள் திடீரென ஊர் திரும்பிவிடும் ஆபத்து இவை எல்லாம் விலையில் சேரத்தான் செய்யும். அவர் கடன் தராத மாதத்தில் உலை கொதித்திருக்காது. நான் அவரைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வேறு கடைக்கு நடக்க முடியாதவரிடம் ‘பார்த்து வாங்கு’ என்று சொல்வதில் பொருளில்லை. கூலியைக் காசாகக் கொடுக்க வேண்டும், அதை எங்கே, யாரிடம் செலவழிப்பது என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எழுதிவைத்ததற்குக் காரணம் இதுதான். நிலமும் அப்படியே. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு 1/16 ஏக்கர், அதாவது சுமார் 2,700 சதுர அடி, தோட்டம் போட ஒதுக்க வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. கேமரன் மலையின் குளிரில் அந்தத் துண்டு நிலம் காய்கறிச் செலவையே அடைத்துவிடக் கூடியது. சிக்கனத்துக்கு மண் வேண்டும். அந்த மண் நிர்வாகத்தின் கையில் இருந்தது.

‘சம்பாதித்ததைக் கள்ளில் விட்டார்கள், சேமிக்கத் தெரியாதவர்கள்’ என்று சிலர் மறுக்கலாம். கள் பல வீடுகளை அழித்தது உண்மை. ஆனால் ரப்பர்த் தோட்டங்களுக்குள் உரிமம் பெற்ற கள்ளுக்கடையைத் திறந்துவைத்தது தொழிலாளி அல்லவே. சேமிக்கத் தெரியாதவர்கள் என்பதற்கோ நேரடியான பதில் இருக்கிறது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தபின், தோட்டம் தோட்டமாகச் சிக்கனச் சங்கங்கள் தோன்றின; அவற்றில் தொழிலாளர் கூலியிலிருந்தே பணம் போட்டார்கள். 1960இல் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டியவர்கள் இதே பால்வெட்டுத் தொழிலாளர்தாம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் பணத்தில் வாங்கப்பட்டது. நம்பி ஒப்படைக்க ஓர் அமைப்பு கிடைத்ததும் அதே கூலியிலிருந்து ஒரு தோட்டமே எழுந்தது என்றால், குறை மனிதர்களின் குணத்தில் இருந்திருக்க முடியாது.

இன்று கேமரன் மலைத் தேயிலைக் காடுகளில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை முடிவுசெய்யும்போது கருத்தில் கொள்ளப்படுவனவற்றுள் வறுமைக்கோட்டு வருமானமும் ஒன்று. அந்த வருமானம் இன்றும் ஓர் உணவுப் பட்டியலை விலை போட்டுத்தான் கணக்கிடப்படுகிறது.