ஆட்கொணர்வு மனுவும் ஒரு பிரபுவும்

குடியுரிமைக் கல்விப் பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், ஆட்கொணர்வு மனு என்று பேப்பரில வருதே, அதை யார் கொண்டுவந்தது?”

ஒருவர் கொண்டுவந்ததல்ல; இங்கிலாந்தில் நீண்ட காலம் இருந்த நடைமுறை. ஆனால் 1679இல்தான் அதற்கு உறுதியான சட்டம் வந்தது. அதற்காக முன்னின்றவர் சாஃப்ட்ஸ்பரி பிரபு, அந்தனி ஆஷ்லி கூப்பர். கைதியைக் குறித்த நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்தாத சிறை அதிகாரிக்கு 100 பவுண் தண்டம். மறுபடியும் செய்தால் 200 பவுணோடு பதவியும் போகும்.

1621இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் முதலில் மன்னர் பக்கம், 1644இல் பாராளுமன்றத்தின் பக்கம். குரொம்வெல்லின் சபையில் இருந்தார். 1660இல் இரண்டாம் சார்ள்ஸை அழைத்துவரப் போன குழுவிலும் இருந்தார். 1672இல் லோர்ட் சான்சலர் ஆனார். 1677இல், கூடியிருக்கும் பாராளுமன்றமே செல்லாது என்று வாதிட்டதற்காக ஒரு வருடம் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். சிறை என்றால் என்னவென்று தெரிந்த மனிதர்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும்.

1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன், கத்தோலிக்கர்கள் மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று பொய்க்கதை கிளப்பினான். கதையைக் கட்டியது சாஃப்ட்ஸ்பரி அல்ல. ஆனால் மன்னரின் கத்தோலிக்கத் தம்பி ஜேம்ஸ் அரியணை ஏறுவதைத் தடுக்க, அந்தப் பீதியை நன்றாகவே பயன்படுத்தினார். குறைந்தது 15 நிரபராதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான அயர்லாந்துப் பேராயர் ஒலிவர் பிளங்கட், 1681 ஜூலை 1இல் தூக்கிலிடப்பட்டார்.

மறுநாள், ஜூலை 2. தேசத்துரோகக் குற்றச்சாட்டில் சாஃப்ட்ஸ்பரியே கைதானார்! கத்தோலிக்கச் சதி என்று சாட்சி சொல்ல அயர்லாந்திலிருந்து வந்தவர்களில் சிலர், இப்போது அவருக்கு எதிராகவும் சாட்சி சொன்னார்கள். அவருக்குச் சார்பான லண்டன் ஜூரிகள் குற்றச்சாட்டை ஏற்காததால் தப்பினார். அடுத்த வருடம் ஒல்லாந்துக்கு ஓடி, 1683 ஜனவரியில் அம்ஸ்டர்டாமில் மரணித்தார்.

அவர் முன்னின்ற சட்டத்தின் உரிமை இன்று நமது அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையிலும் இருக்கிறது. எத்தனையோ தாய்மார் அதைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றப் படியேறினார்கள்.

ஒரு வதந்தியால் முழுச் சமூகமும் சந்தேகநபராவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வதந்தி அடுத்தவர் மீது வரும்போது நாம் என்ன செய்கிறோம்? நமக்குப் பிடிக்காதவனுக்கும் சேர்த்துத்தான் சட்டம். சாஃப்ட்ஸ்பரி அதை எழுத்தில் கொண்டுவந்தார், நடத்தையில் மறந்தார்.

அந்த மாணவிக்கு இரண்டு பக்கத்தையும் சொன்னேன். “அப்ப அவர் நல்லவரா, கெட்டவரா சேர்?” என்றாள். “சட்டம் நல்லது மகள்” என்றேன்.