சேற்றுக்கு ஒல்லி, மணலுக்கு அகலம்

உயர்த்திக் கட்டிய பிக்கப் வண்டிக்கு எத்தனை அங்குல அகலத்தில் டயர் போடுவது என்ற கேள்வியின் வேர், தார்ச்சாலை பரவாத கால அமெரிக்காவில் இருக்கிறது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் டயர் 30 அங்குல உயரம். அகலமோ முன்னால் 3, பின்னால் 3½ அங்குலம்தான். மழையில் குழைந்த மண்சாலையில் அந்த ஒல்லி டயர் மேல் சகதியைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அடியில் இருந்த கெட்டித் தரையைப் பிடித்தது. டயர் புதைந்தாலும் உயரமான வண்டி என்பதால் அடிப்பாகம் தட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பும் இதே வழியில் வந்ததுதான்: 6.00-16 அளவு, அதாவது 6 அங்குல அகல டயர், 16 அங்குல ரிம்.

மணலில் இந்த வித்தை பலிக்காது. எவ்வளவு தோண்டினாலும் அங்கே கெட்டித் தரை கிடையாது. மேலேயே மிதந்து போனால்தான் உண்டு. 1920களின் பிற்பகுதியில் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, எகிப்தின் மேற்கில் உள்ள லிபியப் பாலைவனத்தின் மணல்மேடுகளை ஃபோர்டு கார்களில் கடக்க முயன்றார். டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாமல் ஓடும் என்பது அவரும் தோழர்களும் அந்தப் பயணங்களில் கற்ற முக்கியமான பாடங்களில் ஒன்று. 1940இல் அவர் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகளும் அப்படித்தான் ஓடின.

இதன் கணக்கு எளிது. 2,000 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ விழுகிறது. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் அது தரையில் பதியும் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். டயர் ஒல்லியானாலும் அகலமானாலும் இந்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒல்லி டயரின் தடம் நீளவாக்கில் அமையும், அகல டயரின் தடம் குறுக்குவாக்கில் அமையும், அவ்வளவே. பரப்பைக் கூட்டுவது காற்றைக் குறைப்பது. அகல டயருக்குள் காற்று கொள்ளும் இடம் அதிகம் என்பதால், பக்கச்சுவர் மடிந்து ரிம்மில் இடிக்காமல் அழுத்தத்தை வெகுவாகக் குறைக்க முடிகிறது. அகலத்தின் உண்மையான ஆதாயம் இதுவே. காற்றைக் குறைக்கவே போகாதவருக்கு அகல டயரால் மணலில் கிடைக்கும் லாபம் சொற்பம்.

1960களில் தெற்கு கலிஃபோர்னியாவின் பாலைவனப் பிரியர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டிக் செபெக் என்பவர் அவர்களுக்கு அகல டயர்களை விற்றுப் பெயர் பெற்றார். 1967இல் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் அந்த மோகத்தை வளர்த்தது. 1976இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் எல்லாத் தரைக்குமான ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. அளவு எழுதும் முறையும் மாறியது: 31x10.50, 33x12.50 என்று உயரமும் அகலமும் அங்குலத்திலேயே டயரில் அச்சாயின.

பன்னிரண்டரை அங்குல டயரைப் பழைய பிக்கப்பில் மாட்டியதும் தொல்லை ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் வெளி ஓரம் மட்கார்டில் உரசியது, உள் ஓரம் ஸ்பிரிங்கில் உரசியது. உள்பக்க உரசலைத் தவிர்க்க ரிம்மை வெளியே தள்ளினார்கள். பேரிங்குக்குச் சுமை கூடியது, ஸ்டியரிங் கனத்தது. வெளிப்பக்கத்துக்கு வண்டியையே தூக்கிக் கட்டினார்கள். தூக்கிய வண்டி வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகம் என்பதால், அகலம் இங்கே சும்மா கிடைத்ததல்ல.

இந்தச் சிக்கலை மிக அழகாக அவிழ்த்தவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். 1980களில் அமெரிக்க அகல டயர்களை வரவழைத்து, பனியாறுகளின் மேல் ஓட்டத் தொடங்கினார்கள். வண்டியை அளவுக்கு மீறித் தூக்காமல், மட்கார்டை வெட்டி அகலப்படுத்தி, தேவையானால் அச்சையும் சற்று நகர்த்தி, 38 அங்குல உயரமும் பதினைந்தரை அங்குல அகலமும் உள்ள டயரை உள்ளே நுழைத்தார்கள். இளம்பனியில் காற்றை 2, 3 பவுண்டு வரை இறக்கினார்கள். அப்போது டயர் சப்பையாகி, தடம் பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாக்கில் அதிகம் நீள்கிறது. பனியை முன்னால் தள்ளிக் குவிக்காமல் அதன்மேல் ஏறிப் போக அந்த நீளமே உதவுகிறது. அதனால் அகலத்தோடு உயரத்துக்கும் அவர்கள் சம மதிப்புத் தந்தார்கள். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதால் அதன் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பூட்டினார்கள். தார்ச்சாலை வந்ததும் காற்றை நிரப்ப வண்டியிலேயே கம்ப்ரஸர் வைத்தார்கள். 1990இல் டொயோட்டாவின் ஐஸ்லாந்துக் கிளையில் பிறந்த ஆர்க்டிக் டிரக்ஸ் இதைத் தொழிலாக்கியது. அவர்கள் மாற்றியமைத்த ஹைலக்ஸ் பிக்கப்கள் அண்டார்டிகாவிலும் ஓடின.

ஒல்லி டயரும் ஒழிந்துவிடவில்லை. லேண்ட் ரோவர் வண்டிகள் 7.50-16 டயரோடு சேற்றுக் காடுகளில் பல பத்தாண்டுகள் ஓடின. ஒரே 33 அங்குல உயரத்தில் இன்றும் இரு வகை உண்டு: 33x12.50 ஒன்று, 10 அங்குல அகலமுள்ள 255/85ஆர்16 மற்றொன்று. இரண்டாவது, சாலையில் தேங்கிய மழைநீரில் அவ்வளவு எளிதில் மிதக்காது, வண்டியை அதிகம் தூக்காமலே மட்கார்டுக்குள் அடங்கும், எரிபொருளும் குறைவாகவே குடிக்கும். சேறும் சரளையும் தார்ச்சாலையும் கலந்த வழியில் சுமையோடு போகும் பிக்கப்புக்கு அதுவே பொருத்தம். பன்னிரண்டரை அங்குலம், காற்றை இறக்கி மணலிலும் பனியிலும் அடிக்கடி ஓட்டுபவருக்கு உரியது.