சட்டத்தின் வடிவமும் நீதியின் பொருளும்: கெரி பக் வழக்குப் பற்றிய ஒரு நோக்கு

குடிமக்களுள் எவர் பிள்ளை பெறலாம், எவர் பெறலாகாது என விதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா? இவ்வினா மெய்யியலாளரின் சிந்தனையில் மட்டும் எழுந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல நாடுகளின் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் இதற்கு 'உண்டு' என விடை பகர்ந்தன. அவ்விடை எவ்வாறு பெறப்பட்டது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் 1924இல் தொடங்கி 1927இல் முடிவுற்ற ஒரு வழக்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனமேம்பாட்டியல் என்னும் கொள்கைக்குப் பெயரிட்டவர் ஆங்கிலேய அறிஞரான பிரான்சிஸ் கால்ற்றன் ஆவார். சாள்ஸ் டார்வினின் உறவினரான இவர் 1883இல் இச்சொல்லை ஆக்கினார். கால்நடைகளிற் சிறந்தவற்றைத் தெரிந்து பெருக்குவதுபோல மனித குலத்தையும் மேம்படுத்தலாம் என்பது இக்கொள்கையின் சாரம். இங்கிலாந்தில் பெரும்பாலும் கருத்தளவில் நின்ற இக்கொள்கை, அமெரிக்காவிற் சட்டமாயிற்று. 1907இல் இந்தியானா மாநிலம் உலகின் முதலாவது கட்டாய மலடாக்கற் சட்டத்தை இயற்றியது. 1910இல் நியூயோர்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிறிங் ஹாபரில் இனமேம்பாட்டியற் பதிவகம் நிறுவப்பட்டது. அதன் மேற்பார்வையாளரான ஹரி லாஃப்லின், மாநிலங்கள் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டமொன்றை வகுத்தார்.

எனினும் முதலில் எழுந்த சட்டங்கள் பல நீதிமன்றங்களில் நிலைக்கவில்லை. இந்தியானாச் சட்டமே 1921இற் செல்லாததாக்கப்பட்டது. பாதிக்கப்படுவோருக்குத் தம் பக்கத்தை எடுத்துரைக்கப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணமாகும். வேர்ஜீனியாவின் சட்டவாக்குநர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். அது நாம் எதிர்பார்க்கும் பாடமன்று. செயலைக் கைவிட வேண்டும் என்பதை அவர்கள் கற்றிலர். நடைமுறையைச் செம்மையாக்க வேண்டும் என்பதையே கற்றனர். 1924 மார்ச்சு 20ஆம் நாள் நிறைவேறிய வேர்ஜீனியாச் சட்டத்தில் முன்னறிவித்தல், விசாரணை, பாதுகாவலர் நியமனம், மேன்முறையீடு ஆகிய யாவும் இடம்பெற்றன. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைத் தடுத்த சட்டமும் அதே நாளில் அங்கு நிறைவேறியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

புதிய சட்டம் நீதிமன்றத்தில் நிலைக்குமா எனச் சோதித்தறிய ஒருவர் தேவைப்பட்டார். லிஞ்ச்பேக் நகருக்கு அண்மையில், வலிப்பு நோயாளருக்கும் மந்தபுத்தியினருக்குமென அரசு நடத்திய விடுதியின் மேலாளரான வைத்தியர் அல்பேட் பிறிடி, கெரி பக் என்னும் இளம்பெண்ணைத் தெரிந்தெடுத்தார். 1906இற் பிறந்த கெரி, வறிய தாயிடமிருந்து சிறுவயதிலேயே பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பமொன்றில் வீட்டுவேலை செய்து வாழ்ந்தவர். ஆறாம் வகுப்பு வரை பள்ளி சென்றவர். தாய் எம்மா 1920இலேயே அவ்விடுதியில் அடைக்கப்பட்டிருந்தார். பதினேழாம் வயதிற் கெரி கருவுற்றார். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் தம்மை வன்புணர்ந்ததன் விளைவே அது எனக் கெரி பிற்காலத்திற் கூறினார். ஆயின் அக்குடும்பத்தார் அவரை மந்தபுத்தியினர் என அறிவிக்கச் செய்தனர். மகள் விவியன் 1924 மார்ச்சிற் பிறந்தாள். குழந்தை வளர்ப்புக் குடும்பத்திடம் விடப்பட, தாய் விடுதிக்கு அனுப்பப்பட்டார்.

1924 நவம்பரில் அம்கேர்ஸ்ட் நீதிமன்றத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டது. சாட்சியமளித்தோருட் சிலர் கெரியை நேரில் அறியாதவர். லாஃப்லினோ அவரை ஒருபோதும் காணாது, விடுதி அனுப்பிய தகவல்களைக் கொண்டே எழுத்துமூலம் சாட்சியமளித்தார். சில மாதக் குழந்தையான விவியனின் பார்வை இயல்பானதாகத் தோன்றவில்லை எனச் சமூக சேவைத் தாதி ஒருவர் கூறினார். இதுவே மூன்றாந் தலைமுறை பற்றிய சான்றாயிற்று. கெரியின் நடத்தையும் படிப்பும் நன்று என ஆசிரியர் எழுதிய பள்ளிப் பதிவு மன்றின் முன் வைக்கப்படவில்லை.

அதனை முன்வைத்திருக்க வேண்டியவர் கெரியின் சட்டத்தரணியான ஏர்விங் வைற்கெட் ஆவார். இவர் அதே விடுதியின் ஆட்சிக்குழுவில் முன்னர் உறுப்பினராயிருந்தவர். சட்டத்தை வரைந்து விடுதியின் சார்பில் வாதாடிய ஒப்றி ஸ்ற்றோடின் நெடுநாள் நண்பர். இவருக்குரிய கட்டணத்தையும் விடுதியே வழங்கியது. இவர் கெரியின் சார்பில் ஒரு சாட்சியைத்தானும் அழைத்திலர். முன்னறிவித்தல் நிகழ்ந்தது, விசாரணை நிகழ்ந்தது, சட்டத்தரணியும் இருந்தார். உண்மையைத் தேடுவோர் மட்டுமே அங்கு இருக்கவில்லை.

பிறிடி காலமானபின் பதவியேற்ற ஜோன் பெல்லின் பெயரால் வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1927 மே 2ஆம் நாள் எட்டு நீதியரசர் சட்டத்தை ஏற்றனர். பியேஸ் பட்லர் ஒருவரே காரணம் எழுதாது மாறுபட்டார். தீர்ப்பை எழுதியவர், உள்நாட்டுப் போரிற் காயமுற்றவரும் புகழ்மிக்க சட்ட அறிஞருமான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். நாட்டின் சிறந்த குடிமக்களிடம் உயிரையே கேட்கும் அரசு, நாட்டின் வலிமையை உறிஞ்சுவோரிடம் இச்சிறு தியாகத்தைக் கேட்கலாகாதா என அவர் வினவினார். கட்டாய அம்மை குத்தலை அனுமதித்த அதிகாரம் இதற்கும் பொருந்தும் என்றார். மூன்று தலைமுறை மந்தபுத்தியினர் போதும் என்ற கருத்துப்பட முடித்தார்.

இவ்வொப்புமையின் குறைபாடு வெளிப்படையானது. அம்மை குத்தல் தொடர்பான 1905ஆம் ஆண்டு வழக்கில் மறுத்தவருக்கு விதிக்கப்பட்டது ஐந்து டொலர் குற்றப்பணமே. அங்கு தடுக்கப்பட்டது அயலவரைத் தொற்றக்கூடிய நிகழ்கால நோய். இங்கு தடுக்கப்பட்டதோ இன்னும் பிறவாத, எத்தகையர் என எவரும் அறியாத மனிதரின் வரவு.

1927 ஒக்டோபர் 19ஆம் நாள் கெரிக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அவருடைய தங்கை டோரிசும் குடல்வால் நீக்கம் எனக் கூறப்பட்டு மலடாக்கப்பட்டார். மணமுடித்துப் பல்லாண்டுகள் பிள்ளையை எதிர்பார்த்திருந்த அவர், முதுமையிலேயே உண்மையை அறிந்தார். வேர்ஜீனியாவில் ஏறத்தாழ 8,000 பேரும், அமெரிக்கா முழுவதிலும் 60,000க்கு மேற்பட்டோரும் இவ்வாறு மலடாக்கப்பட்டனர். 1933 யூலை 14ஆம் நாள் நாற்சி ஜேர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் இத்தொகை ஏறத்தாழ 4 இலட்சமாயிற்று. அங்கும் நீதிபதி ஒருவரும் வைத்தியர் இருவரும் அமர்ந்த நீதிமன்றங்கள் இருந்தன, மேன்முறையீடும் இருந்தது. 1936இல் ஹைடில்பேக் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

விவியன் 1932இல், எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். அதற்கு முந்திய ஆண்டு அவளது பெயர் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. 1980களில் ஸ்ரீபன் ஜே கூல்ட், போல் லொம்பார்டோ முதலிய ஆய்வாளர் பழைய பதிவுகளை ஆராய்ந்து, மூன்று தலைமுறை மந்தபுத்தி என்பது கட்டுக்கதையே என நிறுவினர். வறுமையும் மணமாகாத் தாய்மை மீதான பழியுமே பரம்பரைக் குறைபாடாக உருமாற்றப்பட்டன என்பது தெளிவாயிற்று.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனத்துடன் நோக்குதல் வேண்டும். விவியனின் பள்ளிப் புள்ளிகள் சாட்சியத்தின் பொய்மையைக் காட்டுவன. ஆயின் தீர்ப்பின் தவற்றுக்கு அவற்றையே ஆதாரமாகக் கொள்வோமாயின் ஹோம்ஸ் வகுத்த அளவுகோலை நாமும் ஏற்றவராவோம். விவியன் படிப்பிற் பின்தங்கியிருந்தால் கெரிக்குச் செய்யப்பட்டது நீதியாகியிருக்குமா? ஆகாது. ஒருவரின் உடல் மீதான உரிமை அவருடைய அறிவுத்திறனுக்குப் பரிசாக அளிக்கப்படுவதன்று. அறிவியற் பிழையைத் திருத்தினால் அநீதி நீங்கிவிடும் எனக் கருதுவோர், நாளை வரும் நுட்பமான அறிவியலுக்கு அதே அதிகாரத்தைக் கையளிக்க நேரும்.

வேர்ஜீனியாச் சட்டம் 1974இல் நீக்கப்பட்டது. கெரி 1983இற் காலமானார். மாநில ஆளுநர் 2002 மே 2ஆம் நாள், தீர்ப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், மன்னிப்புக் கோரினார். 1942இல் ஒக்லஹோமாச் சட்டமொன்றைத் தள்ளுபடி செய்தபோதும் உயர் நீதிமன்றம் 1927ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெளிப்படையாக மறுத்துரைக்கவில்லை, பின்னரும் மறுத்துரைத்ததில்லை. நடைமுறை முறையாக இருந்ததா என்று மட்டும் வினவும் நீதிமன்றம், செய்யப்படுவது யாது என்பதை வினவ மறந்துவிடும். சட்டத்தின் வடிவம் நீதிக்குக் காவலாக அமையலாம்; அநீதிக்குப் போர்வையாகவும் அமையலாம் என்பதே இவ்வழக்கு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.