கம்யூனிட்டின்னா என்னங்க?

பழைய ஃபைலைக் குடைஞ்சப்போ என்னோட கம்யூனிட்டி சர்டிபிகேட் கையில சிக்குச்சு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எடுத்துட்டுப் போனது. இங்கிலீஷ்ல 'கம்யூனிட்டி'ங்கிறதைத் தமிழ்ல பச்சையா 'சாதிச் சான்றிதழ்'னு சொல்றோம். ஆனா ஆபீஸ்ல அதே சொல் 'ஓப்பன் சோர்ஸ் கம்யூனிட்டி'! அரிப்பு தாங்காம தோண்டினேன்.

வேர் லத்தீன். 'யூனிட்டி'க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை மக்களே, காதுக்குத்தான் அப்படி. 'கோம்'னா சேர்ந்து. 'மூனுஸ்'தான் சுவாரசியம். கடமை, பொறுப்பு, கொடைன்னு பல அர்த்தம். ரோமாபுரிப் பெரிய மனுஷங்க ஊருக்கு நடத்திக் காட்டின கிளாடியேட்டர் சண்டைக்கும் இதே பேருதான். ஆக, 'கோமூனிஸ்'னா பொதுவானது. வேரோடு பார்த்தா, கடமையில பங்குள்ளது. அதுதான் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு.

எதிர்ப்பதம் என்ன தெரியுமா? 'இம்மூனிஸ்'. அதாங்க, நம்ம இம்யூனிட்டி! வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்கு பெற்றவன். ரோமப் படையில நில அளவையாளர், வைத்தியர், கொல்லர் மாதிரி தொழில் தெரிஞ்சவங்களுக்கு அகழி வெட்டுற வேலையெல்லாம் கிடையாது. அவங்களுக்கு இந்தப் பேருதான். (நம்ம இனம் அப்பவே தப்பிச்சிருக்கு!) மருத்துவத்துல இது நிலைச்சது 19ஆம் நூற்றாண்டுலதான்.

இந்தியாவுக்கு வந்ததும் சொல் தடம் மாறிடுச்சு. வெளியூர்ல 'கம்யூனல் கிச்சன்'னா பொதுச் சமையலறை. நம்ம பேப்பர்ல 'கம்யூனல்'னா மதக்கலவரம். மதராஸ் மாகாணத்துல நீதிக்கட்சி ஆட்சி 1921ல போட்ட வகுப்புவாரி உத்தரவுக்கும் 'கம்யூனல் ஜி.ஓ.'ன்னுதான் பேரு. 1951ல உச்சநீதிமன்றம் அதை ரத்து பண்ண, அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதல்முறையா திருத்த வேண்டி வந்துச்சு.

'சேர்ந்து சுமக்கிறது' நம்மகிட்ட இல்லாமலா? குடிமராமத்து இருந்துச்சே. ஏரி, கால்வாயை ஊரே சேர்ந்து பழுது பார்க்கணும். வராதவங்ககிட்ட காசு வசூலிக்க வெள்ளைக்காரன் 1858ல சட்டமே போட்டான். ஆனா தப்பு கொட்டுறது, பிணம் எரிக்கிறது, செத்த மாட்டைத் தூக்குறதுன்னு வந்தா மட்டும் ஊர் சேரலை. அந்த மூனுஸ் சில சாதிகள் தலையில. மத்தவங்க எல்லாம் இம்மூனிஸ். லத்தீன் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ரோமாபுரியிலகூட எனக்குக் கிடைக்கலை.

சர்டிபிகேட்டை மறுபடி ஃபைல்லயே வச்சுட்டேன். அக்கா பையனை அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேர்க்கணும், அவனுக்கும் ஒண்ணு வாங்கணும்னு மாமா நேத்துதான் சொன்னார்.